17 சாண் பனிக்கட்டி: வெடிவிசையும் கணினி மாதிரியும்

ஹிஜ்ரி 309ஆம் ஆண்டு ஸஃபர் மாதம், அதாவது கி.பி. 921 ஜூனில், பக்தாதிலிருந்து ஒரு தூதுக்குழு புறப்பட்டது. வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த பல்கார் மக்களின் மன்னர், தம் மக்களுக்கு மார்க்கத்தைக் கற்பிப்போரையும் கோட்டை எழுப்பப் பொருளுதவியையும் வேண்டிக் கலீஃபா அல்முக்ததிருக்கு எழுதியிருந்தார். அந்த வேண்டுகோளை ஏற்றுச் சென்ற குழுவில் இருந்தவர் அஹ்மத் இப்னு ஃபள்லான். வழியில் குவாரஸ்மின் ஜுர்ஜானிய்யா நகரில் அவர்கள் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. அங்கே ஜைஹூன் ஆறு, இன்று நாம் ஆமு தர்யா என்று அழைக்கும் ஆறு, முழுவதும் உறைந்துபோனதையும், குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வண்டிகளும் சாலையில் செல்வதுபோல் அதன்மீது சென்றதையும், மூன்று மாதங்கள் அந்நிலை நீடித்ததையும் அவர் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்தார். பனிக்கட்டியின் தடிமன் 17 சாண் என்றும் எழுதினார்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவீ (இறப்பு கி.பி. 1229) தமது 'முஃஜமுல் புல்தான்' என்னும் பேரகராதியில் குவாரஸ்ம் பற்றி எழுதுகையில் இக்குறிப்பை எடுத்தாண்டார். ஆனால் 17 சாண் என்பதை அவர் ஏற்கவில்லை. அது உண்மையல்ல என்று வெளிப்படையாகவே மறுத்தார். மிகுதியாக உறைந்தால் 5 சாண், அதுவும் அரிதாகவே நிகழ்வது. வழக்கமாக 2 அல்லது 3 சாண்தான் என்று திருத்தினார். இதற்கு அவர் காட்டிய ஆதாரங்கள் இரண்டு: தாமே நேரில் கண்டது, அவ்வூர் மக்களிடம் கேட்டறிந்தது.

பனிக்கட்டியை வெடிவைத்து உடைப்பது குறித்துக் கணினி கொண்டு ஆராயும் இன்றைய அறிவியலைப் பற்றிய கட்டுரையை இவ்விரு அறிஞர்களிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்த அறிவியலின் மையப் பிரச்சினை அன்றைய பிரச்சினையேதான்: ஓர் எண் நம்மிடம் சொல்லப்படுகிறது, அதை எதைக்கொண்டு ஏற்பது, எதைக்கொண்டு மறுப்பது?

மிக எளிய ஒரு மாதிரி

மாதிரி என்றால் என்ன என்பதை இந்த வழக்கையே கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நீரின் மேற்பரப்பில் பனிக்கட்டி படியத் தொடங்கியதும், அதன் அடியில் புதிதாக உறையும் நீர் தன் வெப்பத்தை ஏற்கெனவே உறைந்த படலத்தின் ஊடாகவே மேலே அனுப்பியாக வேண்டும். பாளம் தடிக்கத் தடிக்க அதுவே ஒரு போர்வையாகிவிடுகிறது. ஆகவே வளர்ச்சி வரவர மந்தமாகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசஃப் ஸ்டெஃபான் இதனைக் கணித வடிவில் தந்தார்: பனிக்கட்டியின் தடிமன், திரண்ட குளிரின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப வளர்கிறது. திரண்ட குளிர் என்பது, சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே எத்தனை பாகை இருந்தது என்பதை நாள்களின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. அதன் வர்க்கமூலத்தைச் சுமார் 3.5ஆல் பெருக்கினால் தடிமனின் மேல்வரம்பு சென்டிமீட்டரில் கிடைக்கும். பனித்தூவல் மூடிய ஆறுகளில் அதில் ஏறத்தாழப் பாதி அளவே வளரும்.

குவாரஸ்மில் 90 நாள்கள் சராசரியாக உறைநிலைக்குக் கீழே 10 பாகை செல்சியஸ் குளிர் நிலவியதாகக் கொள்வோம். திரண்ட குளிர் 900. அதன் வர்க்கமூலம் 30. மேல்வரம்பு 105 செ.மீ. ஒரு சாணை 22 செ.மீ. என்று கொண்டால் இது ஏறத்தாழ 5 சாண். அதில் பாதி, இரண்டு சாணுக்குச் சற்று மேல். யாகூத் கூறிய அளவுகள் இவையே. மாறாக 17 சாண், அதாவது சுமார் 374 செ.மீ. வளர வேண்டுமாயின், மூன்று மாதங்களும் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 127 பாகை இருந்திருக்க வேண்டும். புவியில் நிலத்தின்மீது நேரடியாக அளக்கப்பட்ட மிகக் கடுங்குளிரே, 1983இல் அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் பதிவான, உறைநிலைக்குக் கீழ் 89.2 பாகைதான்.

இப்னு ஃபள்லானுக்கு நீதி செய்யும் பொருட்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். உடைந்த பாளங்களை நீரோட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால், அவ்விடத்தில் மட்டும் பனிக்கட்டி பல மீட்டர் தடிமனாக இருக்கக்கூடும். ஸ்டெஃபானின் சமன்பாடு அமைதியாக வளர்ந்த பனிக்கட்டிக்கே பொருந்தும். அடுக்கப்பட்ட பனிக்கட்டிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு மாதிரிக்கும் தான் பேசத் தகுதியுள்ள எல்லை ஒன்று உண்டு. வெடிமருந்து தேவைப்படுவதோ பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே, அடுக்கப்பட்ட பனிக்கட்டியில்தான்.

ஆறு அடைபடும்போது

குளிர்நாடுகளில் வடக்கு நோக்கி ஓடும் ஆறுகளுக்கு ஓர் இயல்பான ஆபத்து இருக்கிறது. வசந்தத்தில் தெற்கேயுள்ள மேற்பகுதி முதலில் உருகுகிறது. வடக்கேயுள்ள கீழ்ப்பகுதி அப்போதும் உறைந்தே இருக்கிறது. உருகிய நீரும் மிதந்துவரும் பாளங்களும் உறைந்த பகுதியில் மோதிக் குவிந்து அணைபோல் அடைத்துக்கொள்கின்றன. நீர் கரைகளைத் தாண்டி ஊருக்குள் புகுகிறது.

2001 மே மாதம் சைபீரியாவின் லேனா ஆற்றில் இவ்வாறு உண்டான அடைப்பினால் லென்ஸ்க் நகரின் பெரும்பகுதி மூழ்கியது. ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன. அடைப்பைத் தகர்க்க ரஷ்யப் போர்விமானங்கள் குண்டுகளை வீசின. சீனாவின் மஞ்சள் ஆறு, ஹுய் முஸ்லிம்களின் தன்னாட்சிப் பகுதியான நிங்ஷியாவிலும் அதையடுத்த உள் மங்கோலியாவிலும் வடக்கே வளைந்து செல்கிறது. அங்கும் பனிக்கட்டி வெள்ளம் பழைய துன்பம். வெடிமருந்தும் விமானக் குண்டுவீச்சும் அங்குக் கையாளப்பட்டு வந்திருக்கின்றன. 2008 மார்ச்சில் உள் மங்கோலியாவில் ஆற்றின் கரையணையே உடைந்தது. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் ரிடோ ஆற்றின் பனிக்கட்டியை வெடிவைத்து அகற்றும் வழக்கம் நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது.

இத்தகைய இடங்களில் பொறியாளர் முன் நிற்கும் கேள்விகள் தெளிவானவை. எவ்வளவு வெடிமருந்து? எந்த ஆழத்தில்? எத்தனை மீட்டர் இடைவெளியில்? அருகிலுள்ள பாலத்தின் தூணுக்குச் சேதம் வருமா? உடைந்த பாளங்கள் ஓடிப்போகுமா, அல்லது சற்றுக் கீழே சென்று மீண்டும் அடைத்துக்கொள்ளுமா? ஒவ்வொரு முறையும் ஆற்றிலேயே சோதித்துப் பார்ப்பது செலவு மிக்கது, ஆபத்தும் கூட. எனவேதான் கணினியை நாடுகிறார்கள்.

வெடி செய்யும் இரு வேலைகள்

வெடிமருந்தைப் பனிக்கட்டியின் மேல் வைத்தால் ஆற்றலின் பெரும்பகுதி காற்றில் வீணாகிவிடும். ஆகவே பாளத்தில் துளையிட்டு, அதற்கடியிலுள்ள நீரில் இறக்குவதே சிறந்த முறை. நீர் எளிதில் அமுங்காது. அழுத்தத்தை அப்படியே கடத்தும். நீரில் 1 கிலோ டி.என்.டி. வெடித்தால் 1 மீட்டர் தொலைவில் அழுத்தம் சுமார் 50 மெகா பாஸ்கலை எட்டும். 1 மெகா பாஸ்கல் என்பது ஒரு சதுர சென்டிமீட்டர்மீது ஏறத்தாழ 10 கிலோ எடையை வைத்தாற்போன்ற அழுத்தமாகும்.

இந்த அதிர்வலை நீரிலிருந்து பாளத்துக்குள் நுழைகிறது. பனிக்கட்டியில் அழுத்த அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3,800 மீட்டர். 1 மீட்டர் பாளத்தைக் கடக்க ஒரு விநாடியின் நாலாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். மேற்பரப்பை அடைந்ததும், அப்பால் இருப்பது காற்றாகையால், அலை திரும்புகிறது. திரும்பும்போது அதன் தன்மை தலைகீழாகிறது: அமுக்கும் அலையாகச் சென்றது இழுக்கும் அலையாக மீள்கிறது. இங்குதான் பனிக்கட்டியின் பலவீனம் வெளிப்படுகிறது. அமுக்குவிசையை அது 5 முதல் 25 மெகா பாஸ்கல் வரை தாங்கும். இழுவிசையையோ சுமார் 0.7 முதல் 3 மெகா பாஸ்கல் வரைதான். ஆகவே பாளத்தின் மேற்பகுதி அடுக்காகப் பிளந்து தெறிக்கிறது. உலோகத் தகடுகளில் இதே நிகழ்வை ஆங்கிலேயப் பொறியாளர் பெர்ட்ரம் ஹாப்கின்ஸன் முதல் உலகப்போர்க் காலத்திலேயே விளக்கியிருந்தார்.

அதிர்வலையின் வேலை கணப்பொழுதில் முடிந்துவிடும். அதன்பின் வெடிப்பினால் உண்டான வாயுக்குமிழி விரிகிறது. இதற்கு ஆகும் காலம் பத்தில் சில பங்கு விநாடி. அதிர்வலையோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்குக்கும் மேல். இக்குமிழி பாளத்தை அடியிலிருந்து தூக்கி வில்போல் வளைக்கிறது. முதலில் நடுவிலிருந்து ஆரக்கால்களைப் போல் விரிசல்கள் ஓடுகின்றன. பின்னர் அவற்றைக் குறுக்கே வெட்டி வட்ட விரிசல்கள் எழுகின்றன. பாளம் துண்டுகளாகிறது. துளையை அகலமாக்குவதில் பெரும்பங்கு இந்தக் குமிழிக்கே உரியது.

துளையின் ஆரம் வெடிமருந்தின் எடைக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. அதன் கனமூலத்தை ஒட்டியே வளர்கிறது. ஆரத்தை இருமடங்காக்க எட்டு மடங்கு மருந்து தேவை. எனவே ஒரே பெருவெடியைவிட, இடைவெளி விட்டு வைக்கப்படும் பல சிறு வெடிகளே பயன் மிக்கவை. அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையின் குளிர்ப்பிரதேச ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மால்கம் மெல்லர், பல காலம் நடந்த சோதனை வெடிப்புகளின் அளவுகளைத் திரட்டி 1982இல் அறிக்கையாக வெளியிட்டார். இன்றைய கணினி மாதிரிகளைச் சரிபார்க்க இத்தகைய களப்பதிவுகளே உரைகல்.

கணினிக்குள் ஓர் ஆறு

கணினி மாதிரி அமைப்போர் ஆற்றையும் பாளத்தையும் வெடிமருந்தையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவை அழிவதில்லை என்னும் மூன்று விதிகள் பொருந்தும். இவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. அடுத்து, அந்தந்தப் பொருளின் குணத்தைச் சொல்லும் சமன்பாடுகள் வேண்டும்: வெடிவாயு விரியும்போது அதன் அழுத்தம் எப்படிக் குறைகிறது, நீர் எவ்வளவு அமுங்குகிறது, பனிக்கட்டி எப்போது உடைகிறது என்பன. ஐயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கணக்கின் சுமையும் எளிதன்று. 1 மீட்டர் தடிமனும் 20 மீட்டர் நீள அகலமும் உள்ள பாளத்தை 1 செ.மீ. கட்டங்களாகப் பிரித்தால் 40 கோடிக் கட்டங்கள். அலை ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தைவிடப் பெரிய காலடியைக் கணக்கு எடுத்துவைக்கக் கூடாது என்பது கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூவி ஆகிய மூவர் 1928இல் நிறுவிய நிபந்தனை. 1 செ.மீ. கட்டத்துக்கு அது ஒரு விநாடியின் 10 இலட்சத்தில் சுமார் 2.6 பங்கு. அலையோடு நில்லாமல் குமிழியின் வேலையையும் முழுமையாகக் காண வேண்டுமானால், 40 கோடிக் கட்டங்களையும் ஓர் இலட்சம் முறைக்கு மேல் கணக்கிட வேண்டும். ஆகவே கட்டங்களைப் பெரிதாக்குகிறார்கள். பெரிதாக்கும்போது சிறு விரிசல்கள் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன.

விரிசலைக் கணக்கில் கொண்டுவருவது மேலும் கடினம். பழைய சமன்பாடுகள் பொருள் இடைவெளியின்றித் தொடர்கிறது என்ற அடிப்படையில் எழுந்தவை. விரிசல் என்பதோ தொடர்ச்சி அற்றுப்போன இடம். இதற்குப் பல வழிகள் காணப்பட்டன. தாங்கும் எல்லையைக் கடந்த கட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது ஒரு வழி. ஆனால் நீக்கப்பட்ட கட்டத்தோடு அதன் நிறையும் மறைந்துவிடுகிறது. கட்டங்களுக்குப் பதிலாக நகரும் துகள்களைக் கொண்டு கணக்கிடுவது மற்றொரு வழி; 1977இல் விண்மீன்களை ஆராய்வதற்காகத் தோன்றிய இம்முறை பின்னர் வெடிப்பு ஆய்வுக்கும் வந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் சில்லிங் சமன்பாட்டையே மாற்றி எழுதினார். ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சூழ்ந்த பல புள்ளிகளோடு பிணைப்புகளால் கட்டப்பட்டுள்ளது; பிணைப்பு அளவுக்கு மீறி நீண்டால் அறுகிறது; அறுந்த பிணைப்புகளின் தொகுதியே விரிசல். அது எங்கே தொடங்கும், எப்படிக் கிளைக்கும் என்பதை முன்கூட்டி யாரும் வரைந்து தர வேண்டியதில்லை. பனிக்கட்டியின் உடைவை ஆராய்வோர் இம்முறையை இப்போது விரும்பிக் கையாள்கின்றனர்.

எண்களின் இஸ்னாத்

முடிவில் கணினித் திரையில் ஒரு படம் தோன்றுகிறது. பாளம் உயர்கிறது, பிளக்கிறது, சிதறுகிறது. கண்ணுக்கு அது உண்மையான வெடிப்பைப் போலவே இருக்கும். இந்த இடத்தில்தான் நாம் யாகூத்தை நினைவுகூர வேண்டும். நம்பும்படி இருப்பது வேறு, நிறுவப்பட்டிருப்பது வேறு.

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை இரு கோணங்களில் ஆராய்ந்தனர்: அது வந்த அறிவிப்பாளர் தொடர், அதாவது இஸ்னாத், அதன் வாசகம், அதாவது மத்ன். அக்கலையின் நோக்கமும் கண்ணியமும் வேறு. ஒப்புமையை அளவோடுதான் கொள்ள வேண்டும். ஆயினும், கணினி மாதிரியில் நுழையும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தொடர் இருக்கிறது என்பதை உணர இது உதவும். பனிக்கட்டியின் இழுவலிமை 1 மெகா பாஸ்கல் என்று ஒருவர் எழுதினால், நாம் கேட்க வேண்டியவை பல. யார் அளந்தார்? எந்தப் பனிக்கட்டியில்? எத்தனை பாகையில்? எவ்வளவு விரைவாக இழுத்து?

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. பனிக்கட்டி இரு குணங்கள் கொண்ட பொருள். மெல்ல அழுத்தினால் அது மெழுகைப் போல் நெளியும். மலைப்பனியாறுகள் நகர்வது இந்தக் குணத்தால்தான். விரைந்து தாக்கினால் கண்ணாடியைப் போல் நொறுங்கும். விரிசல் பரவுவதை எதிர்ப்பதில் அது கண்ணாடியைவிடவும் எளியது. கண்ணாடியின் எதிர்ப்பில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கே அதற்குண்டு. ஆய்வுக்கூடத்தில் நிதானமாக அழுத்திப் பெற்ற எண்ணை வெடிப்பின் கணக்கில் இட்டால், தொடரில் ஒரு கண்ணி அறுந்துவிடுகிறது.

அதிவேகத் தாக்குதலில் பனிக்கட்டியின் நடத்தை பற்றிய அளவுகள் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வந்தன. 2003 பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் சிதைந்து எழுவர் மாண்டனர். புறப்படும்போது தெறித்த நுரைத்துண்டு இறக்கையைத் துளைத்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அப்படியானால் எரிபொருள் தொட்டியில் படியும் பனிக்கட்டி தெறித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. பனிக்கட்டி உருளைகளைத் துப்பாக்கியால் எய்து, அவை மோதும் விசையை அளந்தார்கள். அந்த அளவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த மாதிரியை நாசாவின் கெல்லி கார்னியும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்டனர். வெடிப்பு ஆய்வாளர்கள் பலர் அந்த வழியையே பின்பற்றுகின்றனர். ஆனால் அச்சோதனைகளில் பயன்பட்டது தூய நீரில் கவனமாக உறையவைத்த பனிக்கட்டி. வசந்தகால ஆற்றின் பனிக்கட்டியோ வேறு. வெயிலில் அதன் படிகங்களின் விளிம்புகள் உருகி, தடிமன் குறையாமலேயே வலிமை குன்றி, செங்குத்தான மெழுகுவர்த்திகளின் கட்டாக ஆகிவிடுகிறது. கடற்பனியில் உப்புநீர்ப் பைகள் இருக்கின்றன. மார்ச் மாதத்தில் துளையிட்டு அளந்த பாளம் ஏப்ரலில் அதே பாளமன்று.

கட்டத்தின் அளவும் ஒரு சாட்சியே. ஒரே வெடிப்பை 5 செ.மீ. கட்டத்திலும் 2 செ.மீ. கட்டத்திலும் கணக்கிட்டால் துளையின் அகலம் வேறுபடக்கூடும். அப்படி வேறுபட்டால், திரையில் கண்டது பனிக்கட்டியின் குணமன்று, கட்டத்தின் குணம். எனவே பொறுப்புள்ள ஆய்வாளர்கள் இரு கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறார்கள்: சமன்பாட்டைப் பிழையின்றித் தீர்த்தோமா? தீர்த்த சமன்பாடு இந்த ஆற்றுக்குரியதுதானா? முதலாவதைக் கணினியிலேயே சோதிக்கலாம். இரண்டாவதற்கு ஆற்றுக்குத்தான் போக வேண்டும். துளையிட்டுத் தடிமன் அளக்க வேண்டும். வெடித்தபின் துளையின் அகலத்தை அளக்க வேண்டும். மாதிரியை அமைக்கும்போது பயன்படுத்தாத ஒரு வெடிப்பை அது முன்கூட்டிச் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்த விடைக்கு ஏற்ப எண்களைத் திருத்தி அமைத்த மாதிரி, அந்த விடையைத் திருப்பிச் சொல்வது சான்றாகாது.

பொறுப்பு யாருடையது?

அடைப்பின்மேல் வெடி வைப்பதா வேண்டாமா என்ற முடிவு, நீர் உயர்ந்துகொண்டிருக்கும் சில மணி நேரங்களில் எடுக்கப்படுவது. தவறினால் இழப்பு இருபுறமும் உண்டு. வெடிக்காமல் விட்டால் மேற்புறத்து ஊர் மூழ்கலாம். முறையின்றி வெடித்தால், ஒரேயடியாக விடுபட்ட நீரும் பனிக்கட்டியும் கீழ்ப்புறத்து ஊரைத் தாக்கலாம். அனுபவம் மிக்க பணியாளர்கள் அடைப்பின் கீழ்முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி உடைத்துச் செல்வது இதனால்தான். உடைந்த பாளம் ஓடிப்போக முன்னே திறந்த நீர் இருக்க வேண்டும். எந்தக் கணினியும் தோன்றுவதற்கு முன்பே கற்றுக்கொள்ளப்பட்ட பாடம் இது. நல்ல மாதிரி இப்பாடத்தோடு முரண்படாது; ஏன் அப்படி என்று விளக்கும், எவ்வளவு என்று கணக்குச் சொல்லும்.

ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலைக்கு ஆளாக வேண்டாம் என்றும் திருக்குர்ஆன் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. மனிதர் கொண்டுவரும் செய்தியைப் பற்றியது அது. ஆயினும் கணினி கொண்டுவரும் செய்தியும் இறுதியில் மனிதர்களுடைய செய்தியே: அளந்தவர், எழுதியவர், எண்ணைத் தெரிவு செய்தவர் எல்லாரும் மனிதர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கண்ணிக்குப் பொறுப்பாளிகள். தம் மாதிரி எந்தத் தடிமனுக்கு, எந்த வெப்பநிலைக்கு, எந்தப் பருவத்துக்குச் சரிபார்க்கப்பட்டது என்பதையும், அதற்கு அப்பால் அது பேசத் தகுதியற்றது என்பதையும் படத்தோடு சேர்த்தே ஒப்படைப்பது அவர்கள் மீதுள்ள அமானிதம்.

இப்னு ஃபள்லானின் நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. பத்தாம் நூற்றாண்டின் வோல்காக்கரை மக்களைப் பற்றி அதற்கு நிகரான சாட்சி அரிது. ஓர் எண்ணில் அவர் பிழை கண்டதால் யாகூத் அந்நூலைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அதன் பல பகுதிகளைத் தம் அகராதியில் சேர்த்துக் காத்தார். ஏற்க முடியாத இடத்தில் தம் மறுப்பையும் அதற்கான ஆதாரத்தையும் பக்கத்திலேயே எழுதிவைத்தார். கணினி மாதிரிகளை நாம் அணுக வேண்டிய முறையும் இதுவே.